இலைக்கு ஒரு விளக்கு



சென்னையின் வடபால், இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை, கடலை ஒட்டி நீண்டு கிடக்கும் பகுதியை உங்களுள் பலர் அறிந்திருப்பீர்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. துறைமுகம், இரயில், ஆலை ஆகிய மூன்றையும் நம்பி வந்த மக்கள் இங்கே நெருங்கிக் குடியேறினர். சந்துகள் குறுகின; வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. இன்று அச்சந்துகளில் உள்ள கீழ்த்தள வீடுகள் பலவற்றில் நேர் வெயில் விழுவதே இல்லை. மாடி உடையவர்க்கோ வேறொரு கவலை உண்டு. தொட்டியில் வளர்ந்த கீரையைக் காலையில் விரலால் தொட்டால் கரிய தூசி ஒட்டிக்கொள்கிறது.

ஆகவே, இப்பகுதியில் வாழும் என்னிடம் அண்டை வீட்டார் சிலர் ஒரு கேள்வி கேட்டனர். வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு கூடாரம் அமைத்து, மின்விளக்கின் ஒளியில் கீரை வளர்க்க இயலுமா என்பதே அக்கேள்வி. இயலும் என்பதே விடை. நானே அத்தகைய விளக்கு ஒன்றைச் செய்து பார்த்தேன். அதை எவ்வாறு செய்வது, அது எவ்வாறு வேலை செய்கிறது, அதற்கு நாம் கொடுக்கும் உண்மையான விலை யாது என்னும் மூன்றையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மூன்றிலும் முக்கியமானது கடைசிக் கேள்விதான்.

முதலில், ஒளிக்கும் இலைக்கும் உள்ள உறவைக் காண்போம். செடி காற்றைத் தூய்மை செய்வது வெளிச்சத்தில் மட்டுமே என்பதை 1779ஆம் ஆண்டில் இஞ்சென்ஹௌஸ் என்னும் டச்சு நாட்டு மருத்துவர் சோதனைகளால் காட்டினார். நம் நாட்டில் ஜகதீச சந்திர போஸ் வேலம்பாசி என்னும் நீர்ச்செடி ஒளியில் வெளிவிடும் வாயுக் குமிழிகளைக் கொண்டு இதனை நுட்பமாக ஆராய்ந்து, ஒளிச்சேர்க்கையைப் பற்றி 1924ஆம் ஆண்டில் தனி நூலே வெளியிட்டார். இலையில் உள்ள பச்சையம் ஒளியை வாங்குகிறது. அந்த ஆற்றலைக் கொண்டு நீரையும் கரியமில வாயுவையும் சேர்த்துச் செடி மாவுப்பொருளை ஆக்குகிறது. இவை பள்ளிப் புத்தகத்தில் நீங்கள் படித்தவையே.

ஆனால் எவ்வளவு ஒளி வேண்டும் என்ற கேள்விக்கு நம் கண் சரியான விடை தருவதில்லை. நன்றாக விளக்கேற்றிய ஓர் அறையில் ஏறத்தாழ 300 லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் இருக்கும். நண்பகல் வெயிலில் அது 1,00,000 லக்ஸ் வரை செல்லும். இரண்டிற்கும் இடையே முந்நூறு மடங்குக்கு மேல் வேற்றுமை இருந்தும், நாம் வெளியிலிருந்து உள்ளே வந்த சில நிமிடங்களில் புத்தகம் படிக்கத் தொடங்கிவிடுகிறோம். கண்ணின் பாவை விரிந்து சுருங்கியும், விழித்திரை தன் கூர்மையை மாற்றிக்கொண்டும் அந்த வேற்றுமையை மறைத்துவிடுகின்றன. இலைக்கு அத்தகைய வசதி இல்லை. நமக்குப் பகலாகத் தோன்றும் அறை, கீரைச் செடிக்கு அந்திப் பொழுதேயாகும். அதனால்தான் உள்ளே வைத்த செடி வெளிறி, நூல்போல நீண்டு, ஒரு பக்கமாகச் சாய்கிறது.

கண்ணை நம்பாமல் இலையின் கணக்கில் ஒளியை அளக்கவேண்டும். ஒளி சிறு சிறு துகள்களாக வருகிறது என்பதை 1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன் எடுத்துரைத்தார். இலை அத்துகள்களை ஒவ்வொன்றாக வாங்குகிறது. கரியமில வாயுவின் ஒரு மூலக்கூற்றைச் சேர்ப்பதற்கு எட்டு முதல் பத்துத் துகள்கள் வரை செலவாகின்றன. ஆகவே, நாள் முழுவதும் எத்தனை துகள்கள் வந்து விழுந்தன என்பதே இலையின் வரவுக் கணக்கு. அரிசியை மணி மணியாக எண்ணாமல் படியால் அளப்பதுபோல, ஒளித்துகள்களை மோல் என்னும் பெரும்படியால் அளக்கிறார்கள். ஒரு மோல் என்பது 6 என்ற எண்ணை அடுத்து 23 சுழிகள் இட்டால் வரும் தொகையை ஒட்டியது. சென்னையின் திறந்த மாடியில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல், ஆண்டுச் சராசரியாக, நாளொன்றுக்கு ஏறத்தாழ 35 முதல் 40 மோல் வரை ஒளி விழுகிறது. கீரை வகைகள் 12 மோல் கிடைத்தாலே ஓரளவு நன்றாக வளரும். அந்த 12 மோல் அளவை விளக்கால் தருவதே நம் வேலை.

இதற்கு ஏற்ற கருவி எல்.இ.டி. என்னும் ஒளி உமிழும் டயோடு ஆகும். காசிமேட்டு மாணவர்கள் இதன் பெயரை வேறொரு வகையில் கேட்டிருப்பீர்கள். இவ்விளக்கின் ஒளியால் மீன்களைக் கவர்ந்து பிடிப்பதை மத்திய அரசு 2017ஆம் ஆண்டில் தடைசெய்தது. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹோலோனியாக் என்பவர் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் டயோடைச் செய்தார். நீல ஒளி தரும் திறமிக்க டயோடைச் செய்ய மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. அதனைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவர்க்கும் 2014ஆம் ஆண்டின் பௌதிக நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. நாம் வீட்டில் காணும் வெள்ளை எல்.இ.டி. விளக்கு உண்மையில் நீல டயோடே. அதன்மேல் பூசிய மஞ்சள் நிற ஒளிர்பொருள் நீலத்தில் ஒரு பகுதியை வாங்கி மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றித் தருகிறது. எல்லாம் கலந்து வெண்மையாகத் தோன்றுகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கவேண்டும். செடி சிவப்பையும் நீலத்தையும் மட்டுமே உண்ணும், பச்சை ஒளி வீண் என்று கருதி ஊதா நிற விளக்குகளைத் தேடி வாங்குவோர் உளர். 1972ஆம் ஆண்டில் மக்ரீ என்னும் அறிஞர் 22 வகைப் பயிர்களின் இலைகளைச் சோதித்து, பச்சை ஒளியும் கணிசமாகப் பயன்படுகிறது என்று காட்டினார். சிவப்பும் நீலமும் இலையின் மேற்பரப்பிலேயே நின்றுவிட, பச்சை ஆழமாக உள்ளே சென்று அடியிலுள்ள உயிரணுக்களுக்கு வேலை தருகிறது. ஆகவே நமக்குச் சாதாரண வெள்ளை ஒளியே போதும். வெள்ளை ஒளியில் இலையின் பழுப்பும் பூச்சியும் கண்ணுக்குத் தெரியும் என்பது மற்றொரு நன்மை.

இதற்குச் சான்று எண்ணூருக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடையே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணுக்குச் சென்றிருக்கிறது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் அங்கிருந்து எழுந்த பி.எஸ்.எல்.வி. சி-60 இராக்கெட்டில் எட்டுக் காராமணி விதைகள் ஒரு மூடிய பெட்டியில் வைக்கப்பட்டிருந்தன. கதிரவன் ஒளியின் இடத்தில் அப்பெட்டிக்குள் எல்.இ.டி. விளக்குகள் இருந்தன. 16 மணி நேரம் ஒளி, 8 மணி நேரம் இருள் என்று பகலும் இரவும் செயற்கையாக அமைக்கப்பட்டன. நான்காம் நாளில் விதைகள் முளைத்தன; பின்னர் இலைகளும் விரிந்தன. விண்கலத்தில் செய்ததையே சிறிய அளவில் நாம் சமையலறை மூலையில் செய்கிறோம்.

இனி விளக்கைச் செய்யும் முறையைச் சொல்கிறேன். கூடாரம் என்று பெரிதாக எதுவும் வேண்டா. நீளமும் அகலமும் 60 சென்டிமீட்டராகவும் உயரம் அதைவிடச் சற்று மிகுதியாகவும் ஒரு சட்டம் செய்து, சுற்றிலும் கெட்டித் துணியோ அட்டையோ கட்டி, உட்புறம் வெள்ளை வண்ணம் பூசினால் போதும். பளபளக்காத நல்ல வெண்மை தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைச் செடிக்கே திருப்பி அனுப்பும்.

தரையின் பரப்பு 0.36 சதுர மீட்டர். 16 மணி நேரம் விளக்கெரிந்து ஏறத்தாழ 12 மோல் சேரவேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு 200 மைக்ரோமோல் ஒளி விழவேண்டும். நம் பரப்புக்கு அது 72 மைக்ரோமோல். விளக்கிலிருந்து புறப்படும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்கே செடியை அடையும் என்று கொண்டால், விளக்கு 90 மைக்ரோமோல் தரவேண்டும். தரமான வெள்ளை டயோடுகள், எல்லா இழப்பும் போக, ஒரு வாட் மின்சாரத்திற்கு நொடிக்கு 1.8 மைக்ரோமோல் அளவில் தருகின்றன. 90ஐ 1.8 ஆல் வகுத்தால் 50 வாட். இதுவே நம் விளக்கின் அளவு. பாருங்கள், கடைக்குச் செல்லுமுன்பே விளக்கின் பெரும்பகுதி காகிதத்தில் உருவாகிவிட்டது.

சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமுள்ள ரிட்சி தெருவில் ஒரு வாட் எல்.இ.டி. மணிகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 வோல்ட்டில் 300 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை வாங்கும். 48 மணிகளை, 12 மணிகள் கொண்ட நான்கு சரங்களாகக் கோத்தேன். ஒரு சரத்திற்கு 36 வோல்ட் வேண்டும். எல்.இ.டி.க்கு வோல்ட்டை நிலையாக வைப்பதைவிட மின்னோட்டத்தை நிலையாக வைப்பதே முக்கியம். மணி சூடாகும்போது அதன் மின்தடை இறங்கும். அதனால் மின்னோட்டம் ஏறும். ஏறினால் மேலும் சூடாகும். இவ்வாறே அது எரிந்து போகும். இதைத் தடுப்பதற்கு மின்னோட்டத்தை ஓர் அளவில் நிறுத்தும் டிரைவர் என்னும் சிறு கருவி உண்டு. சரத்திற்கு ஒன்றாக நான்கு டிரைவர்கள் வைத்தேன். இரண்டு இரண்டு சரங்களுக்குத் தனித்தனிச் சுவிட்சும் வைத்தேன். அதன் பயனைப் பின்னர்ச் சொல்வேன்.

டிரைவர் வாங்கும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். மலிவான டிரைவர்கள் பலவற்றில், வீட்டு மின்சாரத்திற்கும் விளக்குச் சரத்திற்கும் இடையே பிரிப்பு இராது. சரத்தின் இரு முனைகளுக்கிடையே 36 வோல்ட்டே இருப்பினும், அதைத் தொடுபவனுக்கு 230 வோல்ட்டின் அதிர்ச்சி தாக்கக்கூடும். நீர் தெளிக்கும் இடத்தில் இது உயிருக்கு ஆபத்து. ஆகவே உள்ளே மின்மாற்றியால் பிரிக்கப்பட்ட டிரைவரையே வாங்கவேண்டும். அலுமினியத் தகட்டிற்குப் பூமி இணைப்புத் தரவேண்டும். மின்கசிவு கண்டால் தானே அணையும் காப்புச் சுவிட்சு வீட்டில் இருக்கவேண்டும். மணிகளைத் தகட்டில் பொருத்திச் சால்டர் செய்யும் வேலை உங்களுடையது. வீட்டு மின்சாரத்தோடு இணைக்கும் வேலை தேர்ந்த மின்பணியாளருடையது. இவ்வெல்லையைத் தாண்டாதீர்கள்.

மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கே ஒளியாகிறது. எஞ்சியது மணியின் அடியிலேயே வெப்பமாகிறது. அதை வாங்கி வெளியேற்றுவதற்காக மணிகளைக் கனத்த அலுமினியத் தகட்டின்மேல், வெப்பம் கடத்தும் பசை தடவிப் பொருத்தவேண்டும். மே மாதத்தில் நம் ஊர் அறை தானாகவே வெந்துகொண்டிருக்கும். கூடாரத்தின் மேற்புறம் கணிப்பொறியில் உள்ளதுபோன்ற சிறு விசிறி ஒன்று இல்லாவிடில் செடி வாடிவிடும். கடற்கரை ஊர்க்கு உரிய வேறொரு பகையும் உண்டு, அது உப்புக்காற்று. சில மாதங்களில் சால்டர் இணைப்புகள் பச்சை பூத்து அற்றுப்போகும். இணைப்புகளின்மேல் மெல்லிய வார்னிஷ் பூசினால் அவை நெடுநாள் நிற்கும்.

விளக்கைச் செடியின் நுனியிலிருந்து 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, கைப்பேசியில் உள்ள லக்ஸ் அளவியைத் தட்டின்மேல் வைத்துப் பாருங்கள். வெள்ளை எல்.இ.டி. ஒளியில் ஒரு மைக்ரோமோல் ஏறத்தாழ 70 லக்ஸுக்குச் சமம். ஆதலின் 14,000 லக்ஸ் காட்டினால் நாம் வேண்டிய 200 மைக்ரோமோல் வந்துவிட்டது என்று கொள்ளலாம். கைப்பேசியின் அளவு மிகத் துல்லியமானதன்று. எனினும் தட்டின் நடுவுக்கும் ஓரத்திற்கும் உள்ள வேற்றுமையை அது நன்றாகக் காட்டும்.

விளக்கு எரிந்தது. வெந்தயக் கீரை விதைத்தேன். ஒரு மாதத்தில் தூசியற்ற பசிய கீரை அரைக் கிலோவுக்குச் சற்று மேல் கிடைத்தது. கண்ணுக்கு இனிய காட்சிதான். ஆனால் கதை இத்துடன் முடிவதில்லை; விலையைக் கணக்கிடவேண்டும் என்றேன் அன்றோ?

50 வாட் விளக்கு நாள்தோறும் 16 மணி நேரம் எரிந்தால் 0.8 யூனிட் செலவாகும். மாதத்திற்கு 24 யூனிட். இம்மின்சாரம் எங்கிருந்து வருகிறது? தமிழ்நாட்டில் காற்றாலையும், நீர்மின்சாரமும், சூரிய மின்சாரமும், அணுமின்சாரமும் உண்டு. எனினும் நிலக்கரிக்குப் பெரும்பங்கு உண்டு. நம் வடசென்னையிலேயே எண்ணூர் அனல்மின் நிலையம் 1970ஆம் ஆண்டு முதல் இயங்கி 2017ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அதைவிடப் பன்மடங்கு பெரிய நிலையங்கள் எழுந்தன. ஒடிசாவின் சுரங்கங்களில் வெட்டிய நிலக்கரி கப்பலேறி எண்ணூர்த் துறைமுகத்திற்கு வந்து இறங்குகிறது. ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ 0.7 கிலோ நிலக்கரி எரியவேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும். நம் 24 யூனிட்டும் நிலக்கரியிலிருந்தே வந்ததாகக் கொண்டால், 17 கிலோ நிலக்கரி எரிந்து, ஐந்தரைக் கிலோ சாம்பல் பிறக்கும்.

அரைக் கிலோ கீரைக்கு ஐந்தரைக் கிலோ சாம்பல்! அச்சாம்பலில் பெரும்பகுதியைப் புகைபோக்கியிலேயே பிடித்துவிடுகிறார்கள். சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் அது பயன்படுகிறது. ஆயினும் செப்பாக்கத்துச் சாம்பல் குளத்தையும், எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த சாம்பலையும் பார்த்தவர்கள், எல்லாம் பிடிபட்டுவிடுகிறது என்று சொல்லமாட்டார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் இதுபற்றிய வழக்குகளைக் கேட்டிருக்கிறது. மாடியில் படியும் தூசிக்கு அஞ்சித் தொட்டியை உள்ளே கொண்டுவருகிறோம்; உள்ளே விளக்கேற்றுகிறோம்; அவ்விளக்கிற்காக எங்கோ ஒரு புகைபோக்கி இன்னும் சற்றுப் புகைகிறது. அந்தப் புகைபோக்கியும் நம் ஊரிலேயே நிற்கிறது. நம் வீட்டுக் கீரை தூய்மையாயிற்று. எண்ணூர்க் குழந்தையின் வீட்டு மாடிக்கோ இன்னும் ஒரு பிடி தூசி சேர்ந்தது.

அப்படியானால் விளக்கை உடைத்துவிடலாமா? வேண்டா. கணக்கு நம்மை அச்சுறுத்துவதற்கு மட்டுமன்று, வழிகாட்டுவதற்கும் உரியது. விதையை நினைத்துப் பாருங்கள். முளைப்பதற்கும் முதல் இலை விரிவதற்கும் வேண்டிய உணவை விதை தன்னோடு கட்டுச்சோறாகக் கொண்டு வருகிறது. அந்தக் கட்டுச்சோறு தீரும் தறுவாயில், பத்தாம் நாளிலேயே கீரையை அறுத்துவிட்டால், விளக்கிடம் நாம் கேட்பது மிகக் குறைவு. முதல் மூன்று நாள் இருட்டிலேயே முளைக்கும். அடுத்த ஏழு நாளைக்குப் பாதி ஒளி போதும். இதற்காகத்தான் இரு சுவிட்சுகள்! இரண்டு சரங்கள் மட்டும் எரிந்தால் 25 வாட், நாளுக்கு 0.4 யூனிட், ஏழு நாளைக்கு 2.8 யூனிட். அடர்த்தியாக விதைத்த தட்டில் அதே அரைக் கிலோவை ஒட்டிய முளைக்கீரை கிடைத்தது. விதைச் செலவு சற்று மிகுதிதான். ஆனால் மின்செலவும் சாம்பலும் எட்டில் ஒரு பங்குக்குள் அடங்கிவிட்டன.

ஆகவே என் முடிவு இதுதான். வெயில் சிறிதும் இல்லாத வீட்டிற்கு, மாடி ஏற இயலாத முதியவர்க்கு, பள்ளி ஆய்வகத்திற்கு, இவ்விளக்கு நல்ல துணை. ஆனால் மாடியில் இலவசமாகக் கொட்டும் 35 மோல் வெயிலுக்கு அது மாற்றாகாது. தூசி படிந்த மாடிக் கீரையை ஓடும் நீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். தூசி ஏன் படிகிறது என்று கேட்கவும் பழகுங்கள். தூசி விழும் ஊரில் கீரையை மட்டும் கூடாரத்தில் வைத்துக் காப்பாற்றலாம். நம் மூச்சை அவ்வாறு காப்பாற்ற முடியாது.

விளக்குச் செய்ய விரும்பும் மாணவர்கள், மணிகள் வாங்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டின் ஒவ்வொரு சன்னலிலும் வெயில் எந்நேரம் வந்து எந்நேரம் போகிறது என்று குறித்துவையுங்கள். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 ஆகிய நாட்களை ஒட்டி, நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நட்ட கோலுக்கு நிழல் இராது. அவ்விரு நாட்களுக்கும் இடையே நண்பகல் வெயில் வடக்கிலிருந்து சாய்கிறது; பிற மாதங்களில் தெற்கிலிருந்து சாய்கிறது. இதை அறிந்தால், வெயிலே வாராது என்று கைவிட்ட சன்னல் ஒன்று சில மாதங்களுக்கு உங்களுக்குக் கீரை தரக்கூடும். சூரியன் தருவதை முழுதும் வாங்கிக்கொண்ட பிறகு, குறைகின்ற அளவுக்கு மட்டும் விளக்கேற்றுங்கள். ஒவ்வொரு சுவிட்சைப் போடும்போதும், கம்பியின் மறுமுனையில் யார் வாழ்கிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.